பக்ஸ்வர்த் படகுத்துறை: திறந்த பிறகு கசிந்த ஒரு மீட்பின் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தில், வெய்லி பிரிட்ஜ் ஊருக்கு அருகே, பீக் ஃபாரஸ்ட் கால்வாயின் மேல்கோடியில் இருக்கிறது பக்ஸ்வர்த் படகுத்துறை. சுண்ணாம்புக்கல் ஏற்றுவதற்காகக் கட்டிய இந்தத் துறை 1920களில் கைவிடப்பட்டது. 1968இல் தன்னார்வலர்கள் அதை மீட்கத் தொடங்கினார்கள். 1999 ஈஸ்டரின்போது படகுகள் மறுபடி உள்ளே வந்தன. ஆனால் பேசின்கள், அதாவது படகுகள் நின்று சரக்கேற்றும் நீர்த்தொட்டிகள், கடுமையாகக் கசிந்ததால் வெகு சீக்கிரத்திலேயே துறையை மூட வேண்டியதாயிற்று. பிறகு 2005 மார்ச் 26 அன்றுதான் இரண்டாம் முறை திறந்தது.

முப்பது ஆண்டுக்கு மேல் கையால் வாரி, கல் அடுக்கி எழுப்பிய ஒரு துறை திறந்தவுடன் ஏன் நீரைப் பிடிக்கவில்லை? அடுத்த ஆறு ஆண்டுகளில் செய்த வேலையில் எதை முன்பே செய்திருக்கலாம்? பழைய நீர்க்கட்டுமானம் எதையாவது மீட்க முனைபவர்களுக்காக இந்த இரண்டு கேள்விகளையும் வரிசையாகப் பார்க்கிறோம்.

பின்னணி: கல்லுக்காகக் கட்டிய துறை

சுண்ணாம்புக்கல் கிடந்தது டவ் ஹோல்ஸ் குன்றுகளில். அது தேவைப்பட்டது மான்செஸ்டர் பக்கத்து உலைகளுக்கும் வயல்களுக்கும் கட்டடங்களுக்கும். கால்வாய்க்கான சட்டம் 1794இல் வந்தது. பொறியாளர் பெஞ்சமின் அவுட்ரம். முன்னின்று பணம் திரட்டியவர்களில் முக்கியமானவர் நூற்பாலை அதிபர் சாமுவேல் ஓல்ட்நோ. முதலில் கால்வாயை இன்னும் மேலே, சேப்பல் மில்டன் வரை கொண்டுபோக எண்ணியிருந்தார்கள். பிறகு பக்ஸ்வர்த்தோடு கால்வாயை நிறுத்தி, அங்கிருந்து குவாரிவரை சுமார் 10 கி.மீ. தூரத்துக்கு இரும்புப் பாதை போட்டார்கள். மேல்மட்டக் கால்வாயும் இந்தப் பாதையும் 1796 ஆகஸ்ட் 31 அன்று திறந்தன. மார்ப்பிளில், படகுகளை மட்டத்துக்கு மட்டம் ஏற்றி இறக்கும் 16 நீர்ப்பூட்டுகள் கட்டி, சுமார் 64 மீட்டர் கீழே இருந்த கீழ்மட்டக் கால்வாயோடு இணைத்து முடித்தது 1804இல்தான். அதுவரை அந்தச் சரிவிலும் தற்காலிக இரும்புப் பாதைதான் ஓடியது.

பாதையின் அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். பின்னால் நடந்த மீட்பில் தொடக்கூடாதவை எவை என்பதை அதுதான் தீர்மானித்தது. இன்றைய ரயிலில் விளிம்பு சக்கரத்தில் இருக்கிறது. இங்கே விளிம்பு தண்டவாளத்தில் இருந்தது. 'எல்' வடிவ வார்ப்பிரும்புத் தகட்டின்மேல் வழவழப்பான சக்கரம் உருண்டது. தகடுகளைத் தாங்கியவை தனித்தனிக் கற்கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு துளை. அதில் ஓக் மரமுளையை அடித்து இறக்கி, முளைக்குள் இரும்பாணி அறைந்து தகட்டைப் பிடித்து நிறுத்தினார்கள். குறுக்கே மரக்கட்டை போட்டால் நடுவில் நடக்கும் குதிரையின் கால் இடறும் என்பதால் இரண்டு பக்கமும் தனித்தனிக் கல். இரும்பு போய்விட்டது, கற்கட்டைகள் இருக்கின்றன. துறையின் மேடையில் நடந்தால் அந்த இரட்டை வரிசை இன்றும் தெரியும். குனிந்து பார்த்தால் நடுத்துளையும், தகடு பல ஆண்டு அழுந்தித் தேய்த்த தடமும் கண்ணுக்குப் படும். அந்தப் பாதையில் ஓடிய பெட்டி ஒன்று யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கல் நிறைத்த பெட்டிகள் தம் எடையாலேயே கீழே உருண்டு வந்தன. காலிப் பெட்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்தன. சேப்பல்-ஆன்-லெ-ஃபிரித் அருகே செங்குத்தான சரிவு ஒன்று. அங்கே, இறங்கும் பெட்டிகளின் பாரமே ஏறும் பெட்டிகளை இழுத்துக்கொண்டது. துறைக்கு வந்த கல் மூன்று வழிகளில் போனது: அப்படியே படகில் கவிழ்ப்பது, உடைத்து ஏற்றுவது, பக்கத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக ஏற்றுவது. சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டால் கொதிக்கும். மரப்படகு தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேறும். அதை நனையாமல் ஏற்ற வேண்டும். ஆகவே பல பேசின்கள், கிளைகள், இடைப்பட்ட மேடைகள், பாலங்கள் என்று துறை கிளைத்து வளர்ந்தது.

நுழைவாயிலில் கால்வாயை ஒரு படகு மட்டும் புகும் அகலத்துக்குச் சுருக்கியிருந்தார்கள். கட்டணம் விதிக்கும் இடம் அது. படகின் பக்கப்பலகை நீருக்கு மேல் எவ்வளவு தெரிகிறது என்று அளந்தால் சரக்கின் எடை கணக்காகிவிடும். இந்தக் குறுகல் பின்னர் வேறொரு விதத்தில் கைகொடுக்கும்.

கைவிட்ட பிறகு

1846இல் கால்வாய் ரயில் நிறுவனத்தின் குத்தகைக்குப் போயிற்று. குவாரிகளுக்கு நேரடி ரயில் வந்த பிறகும் துறை நீண்ட காலம் தாக்குப்பிடித்தது. 1920களில் பாதை மூடப்பட்டது, துறையும் ஓய்ந்தது. இரும்பைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பேசின்களில் வண்டல் ஏறியது, மரம் முளைத்தது, சுவர்த்தலைக் கற்கள் உள்ளே சரிந்தன.

கண்ணுக்குத் தெரிந்த சேதம் இது. தெரியாத சேதம் அடியில் நடந்தது. அக்காலத்துக் கால்வாயின் நீர்ப்பிடிப்பு கல்லில் இல்லை, களிமண்ணில் இருந்தது. களிமண்ணை நீர்விட்டுப் பிசைந்து, 15 முதல் 25 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் மிதித்துக் கீழடுக்கோடு ஒட்டவைத்து, மொத்தம் 60 முதல் 90 செ.மீ. கனத்துக்குக் கொண்டுவருவார்கள். கற்சுவர் படகு உரசாமலும் கரை சரியாமலும் காக்கும். அதன் முதுகிலும் அடியிலும் இருக்கும் களிமண்தான் நீரைப் பிடிக்கும். ஈரம் இருக்கும்வரை அதற்கு வயதே கிடையாது. காய்ந்தால் வெடிக்கும். ஒருமுறை வெடித்துக் காய்ந்து, விரிசலுக்குள் மண்ணும் சல்லியும் வேரும் புகுந்துவிட்டால், திரும்ப நனைத்தாலும் முன்போல ஒட்டாது.

மரவேர் இன்னும் கேடு. உயிரோடிருக்கும் வேர் களிமண்ணைப் பிளந்து நுழைகிறது. ஆனால் பிளவைத் தானே அடைத்தும் வைத்திருக்கிறது. மரத்தை வெட்டினால் சில ஆண்டுகளில் வேர் உளுத்துப்போய், அது இருந்த இடம் குழாயாகிவிடும். மீட்புக் குழுக்கள் முதலில் செய்யும் வேலை மரம் வெட்டுவதுதான். அதன் பலன் கசிவாக வெளிப்படும்போது வெட்டியவர்களுக்கே அது நினைவில் இருப்பதில்லை.

1968 முதல் 1999 வரை: எடுத்த முடிவுகள்

இன்லேண்ட் வாட்டர்வேஸ் புரொடெக்‌ஷன் சொசைட்டி என்ற தன்னார்வச் சங்கம் 1968இல் உரிமையாளரான நீர்வழி வாரியத்தின் அனுமதியோடு வேலையைத் தொடங்கியது. கால்வாயின் கீழ்ப்பகுதியும் மார்ப்பிள் நீர்ப்பூட்டுகளும் அப்போது பாழடைந்து கிடந்தன. அவை தன்னார்வலர் உழைப்பால் 1974இல்தான் திறந்தன. பாழடைந்து கிடந்த இந்த இடத்தை, போக்குவரத்து திரும்பும் என்ற நம்பிக்கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கையில் எடுத்தவர்களின் துணிச்சலுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

1977இல் துறை பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாகப் பட்டியலில் சேர்ந்தது. 1979இன் சட்டப்படி, அத்தகைய இடத்தில் பழுது பார்ப்பதற்கும் அமைச்சகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். இல்லாமல் செய்தால் குற்றம். இது வேலையின் போக்கை மாற்றும். சுவரைத் துளையிட்டுக் கம்பி போட முடியாது. கற்கட்டைகளை நகர்த்த முடியாது. சிமென்ட் கலவையைத் திணிக்க முடியாது. பேசின் தரையைத் தோண்டிப் பார்ப்பதும் தொல்லியல் கண்காணிப்போடுதான் நடக்க வேண்டும், ஏனென்றால் அடியிலுள்ள களிமண் அடுக்கும் சின்னத்தின் பகுதியே.

சட்டம் இடத்தைக் காப்பாற்றியது என்பதில் ஐயமில்லை. 1987இல் திறந்த ஏ6 சுற்றுச்சாலை துறையை ஒட்டியே போகிறது; பட்டியலில் இல்லாமலிருந்தால் பேசின்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பணம் குறைவு, ஆட்கள் வாரக்கடைசியில் மட்டும் வருவார்கள் என்ற நிலையில் வேலையின் வரிசை இயல்பாக அமைந்துவிடுகிறது: மரம் அகற்றுதல், வண்டல் வாருதல், சுவர் எடுத்துக்கட்டுதல், பிறகு நீர் விடுதல். இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

முதலாவது தூர்வாருதல். மேலே கிடப்பது வண்டல்: கறுப்பு, நாற்றம், கரண்டியில் நிற்காமல் வழியும். அதன் கீழே களிமண்: சாம்பலோ மஞ்சளோ நீலமோ கலந்த நிறம், வெட்டினால் வெட்டுமுகம் பளபளக்கும். கையால் வாருபவனுக்கு மண்வெட்டி நுனியிலேயே வித்தியாசம் தெரியும். இயந்திரத்தின் வாளிக்குத் தெரியாது. பல்லுள்ள வாளி ஒரு கை கூடுதலாக இறங்கினாலே அடுக்கு கிழியும். கல் இறக்கிய துறைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. படகில் விழாமல் தவறிய கற்கள் களிமண்ணில் பாதி புதைந்து கிடக்கும். பிடுங்கினால் குழி, குழியின் அடியில் ஓட்டை. அவற்றை விட்டுவிடுவதே நல்லது. படகின் அடி தட்டும் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் தலையை மட்டும் தட்டி எடுக்கலாம்.

இரண்டாவது சுவர். ஒரு சுவர்த்தலைக் கல் 1.2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. கனம் என்றால் அரை டன் வரும். தூக்குவதற்குக் கல்லின் மேற்பரப்பில் பழைய கொத்தர்கள் வெட்டிவைத்த குழிகளையே பயன்படுத்தினால் புதுத் துளை வேண்டியதில்லை. கலவை நீரில் இறுகும் சுண்ணாம்பாக இருக்க வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே வெப்பம் போகும் நாளில் பூசக்கூடாது, பூசியதை ஈரச்சாக்கு போட்டு மூடிவைக்க வேண்டும். சுவரை எடுத்துக்கட்ட முதுகுப்பக்கம் தோண்டும்போது அங்கிருக்கும் களிமண் திரையும் அறுபடும். வெளியே கல் அழகாக நிற்கும்; உள்ளே திரையைத் திரும்ப மிதித்துச் சேர்க்காவிட்டால் அது வெறும் அலங்காரச் சுவர்.

1999: திறப்பும் கசிவும்

ஈஸ்டரில் திறந்து, படகுகள் வந்து கட்டின. பிறகு நீர் நிற்கவில்லை.

கசிவின் கடுமையைப் புரிந்துகொள்ளக் கால்வாயின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பக்ஸ்வர்த்திலிருந்து மார்ப்பிள் உச்சிவரை நீர்ப்பூட்டே இல்லை. அங்கே பிரியும் மாக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாயும் பாஸ்லி பூட்டுகள்வரை அதே மட்டம், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 158 மீட்டர். 20 மைலுக்கு அதிகமான நீர்ப்பரப்பு ஒரே தொட்டியாக நிற்கிறது. மேலேயிருந்து ஊட்டுபவை வெய்லி பிரிட்ஜ் பக்கத்து நீர்த்தேக்கங்களும் மாக்கிள்ஸ்ஃபீல்ட் கால்வாய்க்கென்று உள்ளவையும். எனவே பக்ஸ்வர்த்தில் போகும் நீர் பக்ஸ்வர்த்தின் நீர் மட்டுமல்ல, இரண்டு கால்வாய்களின் உச்சிமட்ட நீர்.

ஒரு கணக்கு. மார்ப்பிள் பூட்டு ஒன்றின் இறக்கம் சராசரி 4 மீட்டர். அறை ஏறத்தாழ 22 மீட்டர் நீளம், 2.2 மீட்டர் அகலம் என்று கொண்டால் ஒருமுறை திறக்க 190 கன மீட்டர் நீர் செலவாகும். 2,000 சதுர மீட்டர் பரப்புள்ள பேசின் நாளுக்கு 10 செ.மீ. இழந்தால் அது 200 கன மீட்டர். தினமும் ஒரு படகை மார்ப்பிளில் இறக்குவதற்கான நீரை வெறுமனே மண்ணுக்குள் விடுவதற்குச் சமம். வறண்ட கோடையில் எந்த நீர்வழி நிர்வாகமும் இதைப் பொறுக்காது.

மூடும் முடிவு

திறப்பு விழா முடிந்த கையோடு மூடுவது எவ்வளவு வேதனை என்று சொல்லத் தேவையில்லை. ஆயினும் அது சரியான முடிவு. நீர் இழப்பு ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. துறை பள்ளத்தாக்கின் பக்கவாட்டில், பிளாக் புரூக் ஓடைக்கு மேலே அமர்ந்திருக்கிறது. கரை வழியாகக் கசியும் நீர் தெளிவாக வரும்வரை அச்சம் குறைவு. கலங்கலாக வரத் தொடங்கினால் நீரோடு மண்ணும் போகிறது என்று பொருள். உள்ளே குகை வளர்கிறது, ஒருநாள் கரை உடைகிறது. அப்போது அந்த நீண்ட தொட்டி முழுவதற்கும் உடைப்பு வாசல் இதுவே ஆகும்.

மூடுவதில் நுழைவாயில் குறுகலின் பயன் வெளிப்படுகிறது. இப்படிப்பட்ட குறுகலில் இரண்டு பக்கமும் செதுக்கிய காடியில் மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் அணை தயார். பலகை இடுக்கில் ஒழுகும் நீருக்குச் சாம்பலும் நொறுங்கிய களிமண்ணும் கலந்து நீர்ப்பக்கத்தில் கொட்டினால் நீரோட்டமே அதை இடுக்குக்குள் இழுத்து அடைத்துக்கொள்ளும். முன்கூட்டியே காடியைத் துடைத்துப் பார்த்து, பலகை பொருந்துகிறதா என்று சோதித்து வைப்பது கட்டாயம்; அவசரத்தில் இறக்கும்போது காடியில் ஒரு சல்லி சிக்கினாலே பலகை உட்காராது.

வடிக்கும் வேகமும் முக்கியம். சுவரின் முன்னால் நிற்கும் நீர் அதைத் தாங்குகிறது. முதுகுப்பக்க மண் ஈரத்தில் ஊறியிருக்க, முன்பக்க நீரை ஒரே நாளில் வடித்தால் சுவர் உள்ளே சாயும். 1.5 மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஒன்றரை டன் அழுத்தம் திடீரென்று விலகுகிறது. நாளுக்கு 15 முதல் 30 செ.மீ. என்ற கணக்கில், மீன்களை வலைபோட்டு இடம் மாற்றியபடியே இறக்க வேண்டும்.

கசிவைத் தேடும் வழி

முதலில், கசிவா ஆவியா என்று பிரிக்க வேண்டும். நேர்ப்பக்கமுள்ள வாளியில் நீர் நிரப்பிப் பேசினிலேயே பாதி அமிழ வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் மட்டத்தைக் குறித்துவைத்தால் போதும். இரண்டின் மேலும் ஒரே வெயில், ஒரே மழை. வாளியில் 4 மி.மீ. குறைந்து வெளியே 30 மி.மீ. குறைந்திருந்தால் 26 மி.மீ. தரையிலோ சுவரிலோ போயிருக்கிறது.

அடுத்து, எந்தப் பேசின். கிளைகளுக்கிடையே பலகை இறக்கித் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளவுகோல் நட்டு, காலையும் மாலையும் குறிக்க வேண்டும். பிறகு, எந்த உயரம். நிரப்பும் நீரை நிறுத்திவிட்டால் மட்டம் வேகமாக இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மெதுவாகும். ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. தரைவரை ஒரே வேகத்தில் இறங்கினால் ஓட்டை அடியில்.

கடைசியில், எந்த இடம். பச்சை நிறச் சாயத்தைச் சுவரோரமாக விட்டு ஓடைப்பக்கம் ஆள் நிறுத்திப் பார்க்கலாம். சாயம் விடுவதற்கு முன் சுற்றுச்சூழல் அதிகாரிகளுக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓடை பச்சையாகிவிட்டது என்று ஊரே புகார் செய்யும். கோடையில் கரைச்சரிவில் ஓரிடம் மட்டும் பசேலென்று இருந்தாலும், உறைபனி நாளில் ஓரிடத்தில் மட்டும் பனி படியாமலிருந்தாலும் அங்கே தோண்டிப் பார்ப்பது வீண்போகாது.

சுவரும் தரையும் சேரும் மூலை, பழைய மடைக்குழாய்கள், பாலத்தின் அடி, எடுத்துக்கட்டிய சுவர் பழைய சுவரைத் தொடும் இடம்: பெரும்பாலான கசிவு இவற்றில்தான். நடுத்தரையில் தேடித் தோண்டுபவர்கள் நல்ல களிமண்ணைக் கெடுத்துவிட்டுத் திரும்புவார்கள்.

அடைக்கும் வழி

ஒரே ஓட்டையென்றால் வெட்டித் திறந்து, சுற்றிலும் நல்ல களிமண் தென்படும்வரை அகலப்படுத்தி, புதுக் களிமண்ணை மிதித்து நிரப்புவதே போதும். களிமண்ணைத் தேர்வதற்குப் பழைய சோதனை ஒன்று உண்டு: ஈரமாகப் பிசைந்து, இரண்டு விரல் கனத்தில் 30 செ.மீ. நீளத்துக்குத் திரித்து, ஒரு நுனியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். தன் எடையில் அறுந்து விழாவிட்டால் வேலைக்கு ஆகும். அறுந்தால் மணல் அதிகம்.

துறை முழுவதும் ஒழுகும்போது இந்த ஒட்டுவேலை செல்லாது. ஓர் ஓட்டையை அடைத்தால் மட்டம் ஏறும். ஏறிய மட்டம் அடுத்த பலவீனத்தைத் தேடும். அப்போது முழுப் பரப்புக்கும் புது உறை வேண்டும். மூன்று வழிகள் உண்டு, மூன்றுக்கும் குறை உண்டு. மிதித்த களிமண் பழைமையோடு ஒத்துப்போகும், ஆனால் டன் கணக்கில் வேண்டும், கனம் ஆழத்தைத் தின்னும். நீர் பட்டால் ஊதி அடைக்கும் களிமண் பொடியை உள்ளே வைத்த பெண்டோனைட் பாய் மெலிசு, வேகமாக விரிக்கலாம். ஆனால் விரித்து மூடுவதற்குள் மழை பெய்தால் ஊதிக் கெட்டுவிடும், மேலே 30 செ.மீ. மண் பாரம் இல்லாவிட்டால் இறுகாது, படகுக்காரர் குத்தும் கம்பு அதைக் கிழிக்கும். கான்கிரீட் உறுதியானது, ஆனால் பேசினை வடிக்கும்போது அடியிலிருக்கும் நிலத்தடி நீர் பலகையைத் தூக்கும் என்பதால் அழுத்தம் தணிக்கும் வால்வுகள் வைக்க வேண்டும், சின்னத்தின் தரையோடு கலந்துவிடாதபடி இடையில் பிரிப்புத் துணியும் வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் வெற்றி தோல்வி தீர்மானமாவது உறை பழைய சுவரைச் சந்திக்கும் கோட்டில். ஒழுங்கற்ற கல்முகத்தில் எந்த உறையும் தானாக ஒட்டாது. கல்லைச் செதுக்கவும் அனுமதி கிடையாது. ஆகவே இணைப்புகளின் பழைய கலவையைச் சுரண்டி, அந்த இடுக்குக்குள் உறையின் விளிம்பைச் செருகிச் சுண்ணாம்பால் அடைத்து, மூலையில் களிமண் சாய்வு கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டரும் பொறுமையாகச் செய்ய வேண்டிய கைவேலை. திட்ட மதிப்பீட்டில் பரப்புக்கு விலை போட்டுவிட்டு இந்தக் கோட்டுக்குப் போடாமல் விடுவதால்தான் பாதியில் பணம் தீர்கிறது.

2005க்குப் பிறகு

உரிமையாளர் அமைப்பான பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் பழுதுவேலையை நடத்தி முடித்தபின், 2005இல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் துறை மறுபடி திறந்தது. 2012இல் பொறுப்பு கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டுக்கு மாறியது. துறையைக் கவனித்துக்கொள்ளும் தன்னார்வ வேலை தொடர்ந்தது. படகுகள் பழைய மேடைகளில் கட்டி நிற்கின்றன. நடப்பவர்கள் கற்கட்டை வரிசைகளின் வழியே பாதையின் தடத்தைப் பின்தொடர்கிறார்கள்.

2019 ஆகஸ்டில், இந்தக் கால்வாய்க்கு நீர் தரும் டாட்புரூக் நீர்த்தேக்கத்தின் வழிந்தோடி மழைவெள்ளத்தில் உடைந்து, வெய்லி பிரிட்ஜில் சுமார் 1,500 பேர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். நீர்த்தேக்கத்தை வடித்துவிட்டார்கள். உச்சிமட்டத்தின் நீர் ஆதாரம் ஒரே வாரத்தில் எப்படிச் சுருங்கக்கூடும் என்பதை இது காட்டிவிட்டது. ஒழுகும் பேசினை நிரப்பி நிரப்பி ஓட்டலாம் என்ற வாதத்துக்கு இனி இடமில்லை.

வேறுவிதமாகச் செய்ய வேண்டியவை

வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். சுவரைத் தொடுவதற்கு முன்பே, தூர்வாரிய முதல் பேசினைப் பலகையால் பிரித்து நீர் நிரப்பி, குறைந்தது ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் மட்டத்தை எழுதிவர வேண்டும். இதற்குப் பணச்செலவு மிகக் குறைவு. பலகை, அளவுகோல், நோட்டுப் புத்தகம், தினமும் வந்து பார்க்க ஊர்க்காரர் ஒருவர். இந்த எண்கள் கையில் இருந்தால் நிதி கேட்கும் விண்ணப்பத்தில் உறைக்கான தொகை முதல் வரியிலேயே இருக்கும். திறந்த பிறகு தேடி அலைய வேண்டியிராது. சுவர் எழும்புவதைப் பார்த்துத்தான் தன்னார்வலர்கள் உற்சாகமாக வருகிறார்கள் என்பது உண்மை. ஆகவே சுவர்வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த பேசினில் சுவர் கட்டும்போது இந்தப் பேசினில் சோதனை ஓடட்டும்.

நீர்பிடிக்கும் பேசினை மறுபடி காயவிடக் கூடாது. பக்கத்தில் வேலை நடக்கிறது என்று வடித்துவிட்டு ஒரு கோடை முழுவதும் திறந்துபோட்டால், தப்பியிருந்த களிமண்ணும் வெடிக்கும். வடித்தே ஆக வேண்டுமென்றால் தரையில் ஒரு சாண் நீராவது நிற்கட்டும்.

வெட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் இடம், இனம், அடிமரச் சுற்றளவு, வெட்டிய ஆண்டு ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்க வேண்டும். எடுத்துக்கட்டிய சுவரின் தொடக்கமும் முடிவும், முதுகில் களிமண் மிதித்தது எவ்வளவு கனம் என்பதும் அதே வரைபடத்தில் ஏறட்டும். முப்பது ஆண்டு நீளும் வேலையில் ஆட்கள் மாறிவிடுவார்கள். கசிவு வரும்போது கேட்பதற்கு அவர்கள் இருக்கமாட்டார்கள்.

திறப்பு நாளை நிதியாண்டின் கடைசியோ விழாக்காலமோ தீர்மானிக்கக்கூடாது. எல்லாப் பேசின்களையும் ஒருசேர முழு மட்டத்துக்கு நிரப்பி, படகுகளைக் கட்டி, அவற்றின் உந்துவிசிறி சுவரடியை அலசவிட்டுப் பார்த்து, அதற்குப் பிறகும் வாளிக்கும் வெளிமட்டத்துக்குமான வித்தியாசம் நாளுக்கு ஒரு செ.மீ.க்குள் நிற்கிறது என்றால் அழைப்பிதழ் அச்சடிக்கலாம். திறந்த பிறகும் ஆண்டுக்கொருமுறை, இலையுதிர்ந்து கரைச்சரிவு வெறுமையாகத் தெரியும் நவம்பரில், ஓடைப்பக்கமாக நடந்து ஈரத்திட்டுகளையும் வளைகளையும் புது முளைகளையும் குறித்துவர வேண்டும். பென்சில் கனத்தில் இருக்கும் மரக்கன்றைக் கையால் பிடுங்கிவிடலாம். மணிக்கட்டு கனமானதும் அது களிமண்ணுக்குள் போயிருக்கும்.